ஒப்படைக்க வேண்டிய ஒரு பாக்டீரியா

வேலையை விட்டுப் போவதற்கு ஒரு பாக்டீரியாவின் ஒத்துழைப்பு வேண்டியிருக்கும் என்று தொட்டிக்காரருக்குப் பதினோரு வருஷமாக யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார்.

தொட்டிக்காரர் என்பது அவருடைய பெயரல்ல, பிழைப்பு. மனிதர்களுக்கான வளர்ச்சி ஹார்மோனைப் பாக்டீரியாவை வைத்துத் தயாரிக்கும் அரசு நிறுவனம் அது. பாக்டீரியா வளர்கிற எஃகுத் தொட்டிக்கு அவர் பொறுப்பு. கேட்கத்தான் மந்திரம் மாதிரி இருக்கும். மனித உடம்பில் அந்த ஹார்மோனைச் செய்யச் சொல்லும் மரபணுவை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் செருகிவிட்டால், அந்த அப்பாவி ஜீவன் அதைத் தன் வீட்டு வேலை என்று நினைத்துக்கொண்டு மனிதப் புரதத்தைச் செய்ய ஆரம்பித்துவிடும். சூடு, சர்க்கரை, காற்று மூன்றையும் குறைவில்லாமல் கொடுத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகும். பிறகு அத்தனையையும் உடைத்து, உள்ளேயிருக்கும் புரதத்தை எடுத்துச் சுத்தம் செய்தால், வளராத குழந்தைகளுக்கு ஊசி மருந்து. அவ்வளவுதான் சங்கதி.

தொட்டிக்காரரின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பத்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் வேறோர் ஊரில் பள்ளி ஆசிரியை. கல்யாணமான நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்திருந்தது விடுமுறை நாட்களில் மட்டும். இப்போது அதே ஊரில் ஒரு மருந்துக் கம்பெனி தொட்டிக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: முப்பதாம் தேதிக்குள் பழைய இடத்திலிருந்து விடுவிப்பு ஆணையோடு வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள்.

முதல் தேதி காலை பத்து மணிக்கு, நிர்வாக அலுவலரின் மேஜைமேல் ராஜினாமாக் கடிதத்தை வைத்தார்.

நிர்வாக அலுவலருக்கு முதுகுக்குப் பின்னால் கையேட்டார் என்று பெயர். ‘உயிருள்ள உடைமைகள் கையேடு’ என்ற தடித்த புத்தகத்தை அவர் கையில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அந்த நிறுவனம் முன்பு மாட்டுப் பண்ணையாக இருந்தது. அரசு அதைப் புரத நிறுவனமாக மாற்றியபோது பெயர்ப்பலகையை மாற்றினார்கள், கட்டடத்தை மாற்றினார்கள், மாடுகளை அனுப்பிவிட்டார்கள். கையேட்டை மாற்ற ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்த ஐந்து பேரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். குழு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“தாராளமா போங்க” என்றார் கையேட்டார். “நான் ஏன் தடுக்கப்போறேன்? உங்க பொறுப்புல இருக்கறதை ஒப்படைச்சுட்டுப் போங்க.” பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய மை. இனம்: பாக்டீரியா. எண்ணிக்கை: 1. நிறம்: தெரியவில்லை. கொம்பு: இல்லை. சுபாவம்: சாது. கீழே தொட்டிக்காரரின் இளமைக் காலக் கையெழுத்து.

“சார், அது ஒரு குப்பி. குப்பிக்குள்ள கோடிக்கணக்குல இருக்கும்.”

“குப்பின்னு எங்கயாவது போட்டிருக்கா? எண்ணிக்கை ஒன்னு. படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?”

“பதினோரு வருஷத்துல அது பெருகியிருக்கு சார். தொட்டி நிறைய இருக்கு.”

“பெருகினதை அன்னன்னைக்கே பிறப்புப் பக்கத்துல எழுதியிருக்கணும். நீங்க எழுதலை. அதனால பெருகலை.” கையேட்டார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஒன்னு வாங்கினீங்க. அந்த ஒன்னைக் கொடுங்க. வாங்கிக்கறவங்க அது உயிரோட இருக்குன்னு கண்ணால பார்த்து, அதே இடத்துல கையெழுத்துப் போடணும். இதுல என்ன கஷ்டம்?”

தொட்டிக்காரருக்கும் கஷ்டமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. கோடியில் ஒன்றைப் பிரித்தெடுப்பது அவருக்குக் கைவந்த வேலை.

பொறுப்பை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பயிற்சிக்கென்று புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளைப் புதியவள் என்றார்கள். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ஆனால் வாய் இரண்டு வருஷ சர்வீஸுக்கு ஈடாக இருந்தது.

“ஏன் சார், நான் கையெழுத்துப் போட்டா அப்புறம் நான் இங்கேருந்து போகணும்னாலும் இதே ஒன்னைத்தான் கொடுக்கணுமா?”

தொட்டிக்காரர் நுண்ணோக்கியைத் துடைத்தார்.

“பதிலே வரலையே சார்.”

“நீ சின்னப் பொண்ணும்மா. அதுக்குள்ள கையேட்டை மாத்திடுவாங்க.”

“உங்ககிட்டயும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க, இல்ல?”

உண்மைதான். அச்சு அசலாக இதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

எட்டாம் தேதி ஒப்படைப்பு. பாக்டீரியாவைத் தண்ணீர்விட்டுக் கரைத்துக் கரைத்து, ஒரு சொட்டுக்குள் ஒன்றே ஒன்று இருக்கும்படி செய்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார் தொட்டிக்காரர். உயிரோடு இருக்க வேண்டுமே, அதனால் கண்ணாடித் தகட்டை இளஞ்சூட்டில் வைத்து ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்திருந்தார். கையேட்டார் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். “ஒன்னுதான்” என்று ஒப்புக்கொண்டார். “கொம்பும் இல்லை. சரி, எழுதுவோம்.”

நான்கு பிரதிகள். ஒவ்வொன்றிலும் பதினாறு கட்டங்கள். கையேட்டாருக்கு முத்து முத்தான கையெழுத்து, அவசரம் என்பது அவர் பரம்பரையிலேயே இல்லை. இரண்டாம் பிரதியில் பேனா மை தீர்ந்தது. மூன்றாம் பிரதியில் டீ வந்தது. நான்காவது முடிந்ததும், “வாங்கிக்கறவங்க ஒரு தடவை பார்த்துக்குங்க” என்றார்.

புதியவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். “ரெண்டு இருக்கே சார்.”

கையேட்டார் எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் ஜப்தி பண்ண வந்தவர் முகம் போல ஆயிற்று. “இந்த ரெண்டாவது யாரோடது?”

“யாரோடதும் இல்லை சார். முதல்ல இருந்ததுதான் ரெண்டா பிரிஞ்சிருக்கு.”

“அப்ப இதுல எது பழசு? எது குட்டி?”

“அப்படிச் சொல்ல முடியாது சார். இதுல தாய், பிள்ளை கிடையாது. பாதிப் பாதியா பிரிஞ்சிடும். ரெண்டும் புதுசுன்னு வெச்சுக்கலாம்.”

சொல்லியிருக்கவே கூடாது. கையேட்டாரின் பேனா அந்தரத்தில் நின்றது.

“ரெண்டும் புதுசா? அப்ப நீங்க வாங்கின அந்த ஒன்னு இப்ப இல்லை?”

“ஒரு விதத்துல...”

“உங்க பொறுப்புல இருந்த உயிர் இறந்திருக்கு. கேட்பாரில்லாத உயிர் ரெண்டு வந்திருக்கு.” நான்கு பிரதிகளையும் நிதானமாக, குறுக்கே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். “இறப்புச் சான்று வாங்கிட்டு வாங்க. டாக்டர் கொடுப்பார்.”

டாக்டர் என்றால் மாட்டு டாக்டர். மாடுகள் போன பிறகும் அவர் போகவில்லை, கையேட்டில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. நிறுவனத்திலிருந்து இதுவரை மருந்தே வெளியே போகாததற்கும் அவர்தான் காரணம். புரதத்தை எடுக்கப் பாக்டீரியாவை உடைக்க வேண்டும். உடைத்தால் இறப்பு. இறப்பு என்றால் தலைக்கு ஒரு சான்று. சான்றுப் படிவத்தில் ‘தோல், கொம்பு, குளம்பு கிடங்கில் ஒப்படைக்கப்பட்டனவா?’ என்று ஒரு கட்டம். தொட்டிக்காரர் ஒரு தடவை ‘பொருந்தாது’ என்று எழுதி அனுப்பினார். ‘பொருந்தாது என்பது எண்ணிக்கையல்ல’ என்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து வளர்ந்த பாக்டீரியாவை யாரும் உடைக்கவில்லை. அதைப் பிரிட்ஜில் வைப்பார்கள், பழசாகிப் போகும், புதிதாக வளர்ப்பார்கள்.

“இறந்ததைப் பார்க்காம நான் எப்படிக் கொடுக்கறது? உடல் எங்கே?” என்றார் மாட்டு டாக்டர்.

“உடலே இல்லை டாக்டர். அதுதான் ரெண்டா ஆயிடுச்சே.”

“அப்ப இறக்கலை.”

“இதை எழுதிக் கொடுங்க டாக்டர், போதும்.”

“இறக்காததுக்குப் படிவம் கிடையாதே.” டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவரில்லை. “தம்பி, நான் ஒரு ஜீவனைத் தொட்டுப் பதினோரு வருஷமாச்சு. இப்ப ஒன்னைத் தொட்டா, எனக்குத் தொழில் மறந்துபோனது எல்லாருக்கும் தெரிஞ்சுடும். என்னை விட்டுடுங்க.”

தொட்டிக்காரர் விடவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. பாக்டீரியாவை மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைத்துவிட்டால் அது பிரியாது. ஒன்று ஒன்றாகவே இருக்கும். கையேட்டார் நாலு பிரதி என்ன, நானூறு பிரதி எழுதட்டும். அவரிடம் போய்ச் சொன்னார்.

“உறைஞ்சது உயிரோட இருக்குன்னு டாக்டர் சான்று கொடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் கையேட்டார்.

பதினேழாம் தேதி மாட்டு டாக்டர் ஃப்ரீசர் அறைக்கு வந்தார். ஃப்ரீசரின் கதவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“துடிப்பு கேட்குது” என்றார்.

“அது மோட்டார் டாக்டர்.”

“நல்ல சீரான துடிப்பு.” அவருக்கே சந்தோஷமாக இருந்தது. ‘உயிருடன் இருப்பதாகக் கருதலாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கையேட்டார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “கருதலாம்னா, கருதாமலும் இருக்கலாம். எழுப்பிக் காட்டுங்க. எழுந்ததும் ஒன்னா இருக்கான்னு பார்ப்போம்.”

எழுப்பினால் இருபது நிமிஷம். நாலு பிரதி, பதினாறு கட்டம், ஒரு டீ.

அன்று மாலை மனைவி போனில் பேசினாள். “ஏங்க, தேதி பதினேழு ஆச்சு. கம்பெனிக்காரங்க வீட்டுக்கே போன் பண்ணிக் கேட்டாங்க. என்னதான் பிரச்சினை?”

“ஒன்னைக் கொடுக்கணும். அது ரெண்டா ஆயிடுது.”

“சாப்பிட்டீங்களா?” என்றாள். நாலு வருஷக் குடித்தனத்தில், அவருக்கு மூளை குழம்பியிருக்கிறதா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அவள் கேட்கிற கேள்வி அது.

மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார். “மாப்பிள்ளை, மாட்டுப் பண்ணையில வேலை பார்க்கிறவன்கூட நினைச்சா கிளம்பி வந்துடறான். உங்களுக்கு மட்டும் என்ன?”

“மாடா இருந்திருந்தா இந்நேரம் வந்திருப்பேன் அத்தை. அது நின்ன இடத்துல ஒன்னாவே நிக்கும்.”

இருபத்திரண்டாம் தேதி இயக்குநர் எல்லோரையும் கூட்ட அரங்குக்கு அழைத்தார். வருஷத்துக்கு ஒரு முறை அவர் பேசுவது வழக்கம். மீதி நாட்களில் அந்தப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருப்பார். தொட்டிக்காரர் முன்வரிசையில், கையேட்டாருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். பேச்சு முடிந்ததும் காலில் விழுந்தாவது ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

“நண்பர்களே,” என்று இயக்குநர் ஆரம்பித்தார், “இந்தப் பதினோரு ஆண்டுகளில் நம் நிறுவனத்திலிருந்து ஒரு துளி மருந்துகூட வெளியே போனதில்லை. கசிவு இல்லை, களவு இல்லை, சேதம் இல்லை. மருந்து தயாரித்து அனுப்பும் மற்ற இடங்களைப் பாருங்கள். ஊசி வலிக்கிறது என்கிறார்கள். குழந்தை இன்னும் வளரவில்லை என்கிறார்கள். நம்மைப் பற்றி இதுவரை ஒரு நோயாளிகூடப் புகார் செய்ததில்லை.”

கைதட்டல்.

“ஆனால் பாக்டீரியாவிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது அவசரப்படுகிறது. இருபது நிமிஷத்தில் இரட்டிப்பாகிறது. நம்மில் யாராவது இருபது நிமிஷத்தில் எதையாவது செய்து முடித்திருக்கிறோமா? அவசரத்தில் அது செய்யும் புரதம் சரியாக மடியாமல் கட்டிகட்டியாகத் தேங்கிப்போகிறது. ஆகவே நாம் ஈஸ்ட்டுக்கு மாறப்போகிறோம். ஈஸ்ட் நிதானமான உயிர். ஒன்று இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். நம் நிறுவனத்தின் பண்பாட்டுக்கு ஏற்றது.”

தொட்டிக்காரரின் மனசு குதித்தது. ஒன்றரை மணி நேரத்தில் நாலு பிரதி எழுதிவிடலாம். பக்கத்திலிருந்த கையேட்டாரின் காதில் கிசுகிசுத்தார். “சார், பாக்டீரியாவுக்குப் பதிலா ஈஸ்ட்ல ஒன்னு கொடுத்துடறேனே.”

“பசுவை வாங்கிட்டு ஆட்டைக் கொடுப்பீங்களா?” என்றார் கையேட்டார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இயக்குநர் முடிவுரைக்கு வந்திருந்தார். அறிவியலை எளிமையாகச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. “கடைசியாக ஒன்று. பாக்டீரியா என்றதும் யாரும் அருவருப்படைய வேண்டாம். நம் தொட்டியில் வளரும் இதே இனம்தான் நம் ஒவ்வொருவருடைய குடலிலும் கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. நாம் வேறு, பாக்டீரியா வேறு அல்ல.”

அரங்கமே கைதட்டியது. கையேட்டார் மட்டும் தட்டவில்லை. அவர் மெதுவாகத் திரும்பித் தொட்டிக்காரரின் வயிற்றைப் பார்த்தார்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார்.

“இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?”

“எதை சார்?”

“நிறுவனத்தோட இனம் உங்க வயித்துல இருக்கறதை.”

“சார், அது எல்லார் வயித்துலயும் இருக்கு. உங்க வயித்துலயும் இருக்கு.”

“நான் தொட்டிப் பக்கம் வந்ததில்லை. என்னுது சொந்தமா இருக்கும். நீங்க பதினோரு வருஷம் அது கூடவே இருந்திருக்கீங்க.”

“ஆய்வகத்துல வளர்றது வேற வகை சார். தலைமுறை தலைமுறையா கண்ணாடிக் குடுவையில செல்லமா வளர்ந்தது. வயித்துக்குள்ள போனா ரெண்டு நாள் தாங்காது.”

“உங்க வயித்துல இருக்கற ஒவ்வொன்னும் உங்க சொந்தம்தான்னு எழுத்துல கொடுங்க. ஒன்னுகூட எங்களுது இல்லைன்னு. கொடுக்க முடியுமா?”

யாரால் கொடுக்க முடியும்?

கையேட்டார் பதிவேட்டில் ‘கொள்கலன்கள்’ என்ற பக்கத்தைத் திருப்பினார். ஒன்றாம் எண்ணில் எஃகுத் தொட்டி இருந்தது. இரண்டாம் எண்ணில் தொட்டிக்காரரை எழுதினார். உயரம், அகலம், கைப்பிடி: இரண்டு. அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, அவருடைய சட்டைப் பையின்மேல் காற்றுக் குமிழி விழாமல் நீவி ஒட்டினார். கொள்கலன் எண் 2. கவிழ்க்கக் கூடாது.

“கொள்கலன் வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது” என்றார். குரலில் விரோதம் துளியும் இல்லை. “கழிவறைக்குப் போனா மட்டும் இழப்புப் பக்கத்துல ஒரு வரி எழுதிடுங்க. குத்துமதிப்பா போதும்.”

வாசல் காவலாளிக்கு நகல் போனது. பதினோரு வருஷமாகக் காலையில் சலாம் போட்ட அதே காவலாளி, ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் கம்பிக் கதவைச் சாத்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். காலி டப்பாவைக்கூட சீட்டு இல்லாம விட முடியாது. நீங்க நிறைஞ்ச டப்பா.” தொட்டிக்காரருக்கு விருந்தினர் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு வெளியே இன்னொரு சுவர்.

நாலு நாள் ஆயிற்று. புதியவள் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். கக்கத்தில் கையேட்டின் பழைய பிரதி ஒன்று.

“சார், ராத்திரி பகலா இதைப் படிச்சேன். ஆளா இருந்தா நீங்க வெளிய போக வழியே இல்லை. ஆனா கொள்கலனுக்கு இருக்கு. நூத்திப் பதினாலாவது பக்கம். ‘திருப்பித் தரத்தக்க வெளிச்சீட்டு.’ வெளியாள் ஒருத்தர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா, கொள்கலனை அறுபது நாளைக்கு எடுத்துட்டுப் போகலாம்.”

“அறுபது நாள் கழிச்சு?”

“முதல்ல வாசலைத் தாண்டுங்க சார். அந்தக் கம்பெனியில சீட்டைக் காட்டிக் கெஞ்சுங்க. வெளியே இருந்துகிட்டு வழக்குப் போட்டா கேட்பாங்க. இந்த ரூமுக்குள்ள இருந்து எதைப் போடுவீங்க?”

தொட்டிக்காரர் அவளையே பார்த்தார். “நீ ஏம்மா இவ்வளவு மெனக்கெடறே?”

“நாளைக்கு எனக்கு வேணுமே சார்” என்றாள் அவள். “வழி இருக்கான்னு உங்களை விட்டுப் பார்க்கறேன்.”

இருபத்தொன்பதாம் தேதி காலை மனைவி வந்து இறங்கினாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை அம்மாவின் தோளில். நிர்வாக அலுவலகத்தின் மூன்று படிகளை மூன்று நிமிஷத்தில் ஏறினாள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தொட்டிக்காரருக்குத் தெரியவில்லை.

கையேட்டார் மரியாதைக்காரர். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வெளிச்சீட்டை எடுத்து வைத்தார். “விதிப்படி வந்திருக்கீங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம். விதிப்படி யார் வந்தாலும் நான் தடுத்ததில்லை. இங்க ஒரு கையெழுத்து.”

“கொடுத்தா இவரை இப்பவே கூட்டிட்டுப் போகலாமா?”

“தாராளமா. மதிய ரயிலையே பிடிச்சுடலாம்.”

அவள் பேனாவை வாங்கினாள். தொட்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார், பை கையில் இருந்தது. ஆனால் அவள் ஆசிரியை. எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற வியாதி உண்டு. விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். சத்தமாகவே வாசித்தாள்.

“‘வெளியே இருக்கும் காலத்தில் ஏற்படும் எந்தப் பெருக்கமும் நிறுவனத்தையே சேரும்.’ இது என்னங்க?”

“பழைய விதிம்மா. பசுவை வெளியே அனுப்பினா, அங்க போடற கன்னுக்குட்டியும் நம்முதுதான்.”

மாமியார் முந்தானையை இழுத்து மகளின் வயிற்றை மூடினார்.

“இந்த வரியை மட்டும் அடிச்சிட்டுக் கொடுங்க சார்” என்றாள் மனைவி.

“அச்சடிச்ச படிவத்துல அடித்தல் திருத்தல் கூடாதும்மா.”

“இது நான் பெத்துக்கப்போற பிள்ளை. இவர் வயித்துல இருக்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

கையேட்டார் இந்தக் கேள்வியை நியாயமானதாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்மா ஆச்சு?”

“நாலு.”

“இவர் லீவுக்கு வந்தா ஒரே வீடு, ஒரே சாப்பாடுதானே?”

“பின்ன, ஆளுக்கொரு அடுப்பா வெச்சுப்போம்?” என்றார் மாமியார் எரிச்சலோடு.

“அதைத்தான் தெரிஞ்சுக்கணும்” என்றார் கையேட்டார். வெளிச்சீட்டை மனைவியின் கையிலிருந்து பக்குவமாக வாங்கி இழுப்பறைக்குள் வைத்தார். வாசலுக்குப் போன் செய்து கம்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு பதிவேட்டில் கொள்கலன்கள் பக்கத்தைத் திருப்பி, இரண்டுக்குக் கீழே மூன்று என்று எண் போட்டு, அவளுடைய உயரத்தைக் கண்ணாலேயே அளந்து எழுதினார். எழுதி முடித்து மை காயும்வரை ஊதினார். அப்புறம் அடுத்த வரியில் நான்கு என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டு, மீதியைக் காலியாக விட்டார்.